நாடு கடத்தப்பட்ட மருமகன்

பிள்ளைகள் வளர்ந்து தத்தம் காலில் நின்றுவிட்டால் பெற்றோரின் கவலை ஓய்ந்துவிடும் என்று முதன்முதற் சொன்னவர், பிள்ளை பெறாதவராகவே இருந்திருத்தல் வேண்டும். குழந்தை தவழும் பருவத்தில் அது கிணற்றடிக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம்; அஞ்சியவுடன் ஓடிச்சென்று தூக்கியும் வருகிறோம். அதே குழந்தைக்கு முப்பத்தேழு வயதாகி, கடல்கள் பல கடந்த நாடொன்றில் ஒரு துன்பத்தின் விளிம்பில் நிற்கும்போது, அஞ்சுவது மட்டும் எமக்கு எஞ்சுகிறது. தூக்கிவரும் உரிமை போய்விடுகிறது.

எமது இரண்டாவது மகளின் நிலை இதுவாகும். அவள் அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரின் புறத்தே முதியோர் இல்லமொன்றிற் பணிபுரிந்துகொண்டு, ஏழு வயதுப் பெண்குழந்தையுடன் வாழ்கிறாள். அவளுடைய கணவர் மன்னார்க் கரையில் வலை இழுக்கிறார். நாமோ வெருகலில் இருக்கிறோம். மூன்று திசைகளிற் கிடக்கும் இக்குடும்பத்தைக் கட்டி வைத்திருப்பது ஒரு கைத்தொலைபேசியே. அதுவும் மழைக்காலத்தில் எம்மூரிற் சரியாக வேலை செய்வதில்லை.

இத்தகைய குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றிரண்டல்ல. ஆயினும் இதனைப்பற்றி வாய்திறந்து பேசுவோர் அரியர். மகள் கணவனை இழந்தால் ஊர் கூடி அழுகிறது. மணமுறிவு பெற்றால் ஊர் கூடிப் பேசுகிறது. மகளின் கணவர் நாடு கடத்தப்பட்டார் என்றால் மட்டும் பெற்றவர்கள் குரலைத் தாழ்த்தி, "அவர் வேலை விஷயமாக இங்கே வந்திருக்கிறார்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனாலேயே எழுதத் துணிந்தோம்.

வெருகலைக் கண்டறியாத நேயர்களுக்காக ஒரு வார்த்தை. மலைநாட்டிற் பிறந்து வரும் மகாவலி கங்கை, கடலை அணுகுமுன் கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழ, மற்றொரு கிளை வெருகல் ஆறு என்ற பெயரோடு தனிவழி வந்து கீழைக் கடலிற் கலக்கிறது. திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் அதுவே எல்லை. ஆற்றங்கரையிலே ஸ்ரீ சித்திரவேலாயுத சுவாமி கோயில் கொண்டிருக்கிறார். ஆவணித் திருவிழாவுக்கு இரண்டு மாவட்டத்து மக்களும் வந்து குவிவர். இப்பெருமான்மீது 'காதல்' என்னும் வகையில் ஒரு பிரபந்தமும் உண்டு. பிரிந்திருக்கும் பெண்ணின் ஏக்கத்தை எம்மூர் இலக்கியமே நன்கு அறியும். ஆற்றுக்குப் பாலம் வந்தது போர் முடிந்த பின்னரே. அதற்குமுன் 'பாதை' என்று நாம் வழங்கும் மிதவையிலேதான் பேருந்தும் மாட்டுவண்டியும் மணப்பெண்ணும் கடந்தாக வேண்டும். மாரியில் ஆறு பெருகிப் பாதை நின்றுவிட்டால், அக்கரையிற் பெண் கொடுத்தவர் நாட்கணக்கில் மகளைக் காண இயலாது. ஆனால் அந்தப் பிரிவுக்கு ஒரு கணக்கு இருந்தது. வெள்ளம் வடிந்தால் பாதை ஓடும்.

2006ஆம் ஆண்டு, மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை ஒட்டிப் போர் மீண்டும் மூண்டது. ஈச்சிலம்பற்றிலும் வெருகலிலும் இருந்த மக்கள் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினர். பின்பு மட்டக்களப்பு முகாம்களிற் கூடாரம் அடித்திருந்து, மறு ஆண்டு ஊர் திரும்பினர். எமது மகளுக்கு அப்போது பதினெட்டு வயது. 2009இற் போர் முடிந்தது. மூன்றாண்டு கழித்துக் கரையோரமெங்கும் படகுப் பேச்சு எழுந்தது. 2012ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல்வழியாக அவுஸ்திரேலியாவை அடைந்தனர். அவர்களுள் எமது மகளும் ஒருத்தி. தன் மாமியின் குடும்பத்தோடு போனாள். ஏன் போனாள் என்பதை இங்கே விவரிக்கப் போவதில்லை. அது அவளது விண்ணப்பத்தில் எழுதப்பட்டு, அந்நாட்டாரால் ஏற்றுக்கொள்ளவும் பட்டது.

அவளுடைய கணவர் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், வேறொரு படகில், வேறொரு துறையிலிருந்து போனவர். இருவரும் சந்தித்தது ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பொன்றில். அவர் கத்தோலிக்க வேதக்காரர். நாமோ வேலவர் வாசலில் வளர்ந்தவர்கள். மனைவியாருக்கு இது முதலாவது மனத்தாங்கல். "வள்ளியை மணக்கப் போனபோது எம்பெருமான் குலமா கேட்டார், கோத்திரமா கேட்டார்?" என்று நாம் கேட்டதற்கு, "அவர் தெய்வம், கேட்கத் தேவையில்லை; நான் தாய், கேட்பேன்" என்று பதில் வந்தது. எப்படியோ 2017இல் பதிவாளர் முன்னிலையில் மணம் நடந்தேறியது. தொலைபேசித் திரையிலே அதனைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியார், கையொப்பம் இடும் வேளை வந்ததும், யாரும் சொல்லாமலே அரிசியை மஞ்சள் தடவிக் கொண்டுவந்து திரையின்மீது தூவினார். மனத்தாங்கல் வேறு, அட்சதை வேறு போலும்.

மணமான அவ்வாண்டிலேயே மகளுக்கு ஐந்தாண்டுத் தற்காலிகப் பாதுகாப்பு விசா கிடைத்தது. மருமகனின் விண்ணப்பமோ மறுக்கப்பட்டிருந்தது. மேன்முறையீடு, நீதிமன்றம் என்று இரண்டாண்டு இழுபட்டது. ஒரே கூரையின்கீழ் ஒரே பானையில் உண்டவர்களுக்கு இரண்டு கோப்புகள். ஒரு கோப்பில் 'அபாயம் உண்டு' என்றும், மற்றக் கோப்பில் 'அபாயம் இல்லை' என்றும் எழுதியிருந்தது. தற்காலிக விசா பெற்றவருக்குத் தன் கணவரையோ மனைவியையோ வரவழைக்கும் உரிமை அந்நாட்டுச் சட்டத்தில் அப்போது இல்லை. தாய்நாட்டுக்குச் சென்று பார்க்கவும் அனுமதி இல்லை. ஆகவே கணவர் திருப்பி அனுப்பப்பட்டால் மனைவி அங்கே, கணவர் இங்கே என்பது மணநாளன்றே தெரிந்த காரியந்தான். மகளிடம் இதைக் குறித்துக் கேட்டோம். "தெரியும் அப்பா" என்றாள். அவ்வளவே.

2019ஆம் ஆண்டு, வழமைபோலக் கையொப்பமிடச் சென்றவர் வீடு திரும்பவில்லை. சில வாரங்கள் தடுப்பில் வைக்கப்பட்டிருந்து, ஓரிரவு விமானத்தில் ஏற்றப்பட்டார். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. இவ்வாறு திருப்பி அனுப்பப்படுவோர் கட்டுநாயக்காவில் விசாரிக்கப்பட்டு, நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்தப்படுவது வழக்கம். 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட துறைமுகத்தின் வழியாக அன்றி நாட்டை விட்டு வெளியேறுதல் குற்றம். அவரும் தண்டப்பணம் கட்டிவிட்டு மன்னாருக்குப் போனார். படகுக்காக வட்டிக்கு வாங்கிய கடன் அவருக்கு முன்னரே அங்கே போய்க் காத்திருந்தது.

'நாடு கடத்தப்பட்டவர்' என்று இவர்களைச் சொல்கிறோம். தமிழாசிரியராக முப்பது ஆண்டு காலங்கழித்த எமக்கு இத்தொடர் சற்று உறுத்துகிறது. நாடு கடத்தல் என்றால் ஒருவனை அவன் நாட்டிலிருந்து பிறநாட்டுக்குப் போக்குதல். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் 1815இற் பிடித்து, 1816இல் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு சென்றார்களே, அது நாடு கடத்தல். 1832இல் அவன் அங்கேயே இறந்தான். எமது மருமகனையோ பிறந்த நாட்டுக்கே கொண்டுவந்து விட்டார்கள். அப்படியாயின் இது என்ன கடத்தல்? அவர் கடத்தப்பட்டது நாட்டிலிருந்து அன்று, வீட்டிலிருந்து. இன்னொன்றும் உண்டு. கண்டியரசனுடன் அவன் தேவிமாரும் வேலூருக்குப் போயினர். அரசைப் பறித்துக்கொண்டவர்கள் இல்லறத்தைப் பறிக்கவில்லை.

எமது வீட்டுக்கு வந்த இத்துன்பம் உலகம் அறியாத ஒன்றல்ல. 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அவுஸ்திரேலியாவிலிருந்து இலங்கைத் தமிழர் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய மனைவிக்கு அங்கே பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது. குழந்தைக்குப் பதினொரு மாதம். அப்போது ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையம், இவ்விதம் குடும்பங்களைப் பிரித்தல் தகாது என்று வெளிப்படையாகவே சொல்லிற்று. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை, பிள்ளையின் நலனுக்கு அவசியமானால் அன்றிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கலாகாது என்கிறது. அவுஸ்திரேலியா 1990இலும் இலங்கை 1991இலும் அதனை ஏற்று உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஏற்றுக்கொண்டதற்கும் நடைமுறைக்கும் இடையில் எம்மூர் ஆறு மாரியில் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம்.

அதே 2018இன் மார்ச்சு மாதம், குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பிலோயீலா என்ற சிற்றூரில், தந்தை, தாய், இரு பெண்குழந்தைகள் கொண்ட ஒரு தமிழ்க் குடும்பத்தை விடியற்காலையிற் பிடித்துச் சென்றார்கள். 2019 ஆகஸ்டில் அவர்களை இலங்கைக்கு அனுப்ப விமானம் புறப்பட்டும் விட்டது. நீதிமன்றத் தடையுத்தரவினால் அது இடைவழியில் டாவினில் இறக்கப்பட்டது. பின்பு கிறிஸ்மஸ் தீவில் தடுத்து வைக்கப்பட்டனர். அவ்வூர் மக்கள், அந்தத் தந்தையோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களும் அயலவர்களும், நான்கு ஆண்டுக்கு மேல் விடாது குரல் கொடுத்தனர். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது. எமது மகள் அச்செய்தியைச் சொல்லிவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தாள். "அவர்களை நால்வராகப் பிடித்தார்கள் அப்பா, அதனால் நால்வராகவே இருந்தார்கள்" என்றாள். பொறாமை அன்று; கணக்கு.

இனி உறவினர் கதைக்கு வருவோம். நல்லெண்ணத்தால் வரும் தொல்லைக்கு மருந்து இல்லை. முதலாண்டில் வந்தவர்கள் அனுதாபம் சொன்னார்கள். இரண்டாமாண்டில் வந்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள். "பிள்ளைக்கு வயது இருக்கிறது, வெட்டிவிடச் சொல்லுங்கள், அங்கேயே விசா உள்ள நல்ல பையனாகப் பார்க்கலாம்" என்றார் ஒருவர். "விசாவுக்காகவே அவன் கட்டியிருப்பான்" என்றார் இன்னொருவர். விசாவே இல்லாத காலத்தில், தனக்கு எவ்வகையிலும் விசா வாங்கித்தர இயலாத பெண்ணை ஒருவன் விசாவுக்காக எப்படிக் கட்டுவான் என்று நாம் கேட்டோம். அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஆயினும் அவர்கள் பேச்செல்லாம் எமது நெஞ்சில் இல்லாத ஒன்றை எமக்குச் சொல்லவில்லை. இரவில் விறாந்தையிற் கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும்போது அதே கேள்விகள் வரும். தனியே இரவு வேலைக்குப் போகும் மகள், குழந்தையை யாரிடம் விட்டுச் செல்கிறாள்? பத்தாண்டு கழிந்து இருவரும் சேர்ந்தாலும், அப்போது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவராய் இருப்பார்களா? இங்குள்ள ஆணுக்குத் தனிமையிற் சபலம் வாராதா? அங்குள்ள பெண்ணுக்குச் சலிப்பு வாராதா? அவள் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் குழந்தையோடு வந்து இறங்கிவிட்டால்? இக்கடைசிக் கேள்வியிலே ஆசையும் அச்சமும் ஒன்றாய்க் கிடந்தன. மகளும் பேர்த்தியும் எம் முற்றத்தில் நிற்பதைக் காண ஆசை. எந்த அபாயத்துக்கு அஞ்சிப் போனாளோ அதனிடமே திரும்புகிறாளே என்ற அச்சம். மனைவியாருக்கு ஆசை மிகுதி. எமக்கு அச்சம் மிகுதி. இதனால் வீட்டிற் சமையல் தாமதமான நாட்களும் உண்டு.

மருமகன் முதன்முறை எம் வீட்டுக்கு வந்தது 2020 தைப்பொங்கலை அடுத்து. இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல், எமக்கு வடக்கே உள்ள கொட்டியாரத்தில், கப்பற் தலைவரான தன் தந்தையோடு கண்டியரசனின் ஆட்களாற் பிடிபட்டான். மறு ஆண்டே தந்தை இறந்தார். மகன் ஏறக்குறைய இருபதாண்டு கண்டி நாட்டிற் கிடந்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பிலே ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். அவன் போன அதே மன்னார்க் கரையிலிருந்து எமது மருமகன் எதிர்த்திசையிற் கொட்டியாரத்தைக் கடந்து வந்தார். நொக்ஸ் நடந்தது காட்டுவழி. இவர் வந்தது நான்கு பேருந்து மாறி. கையில் ஒரு பை. பைக்குள் பனங்கட்டியும் கட்டாக் கருவாடும். அன்றைக்கோ வெள்ளிக்கிழமை, மனைவியார் விரதம். கருவாட்டுப் பொதி கோழிக்கூட்டின் மேலே வைக்கப்பட்டது. பனங்கட்டி உள்ளே போயிற்று.

மூன்று நாள் இருந்தார். அதிகம் பேசவில்லை. கிணற்றுக் கப்பியைச் செப்பனிட்டார். கூரையிற் பெயர்ந்திருந்த ஓடுகளை மாற்றினார். மனைவியார் அவருக்கு உணவு பரிமாறினார், தலையணை கொடுத்தார், ஆனால் 'தம்பி' என்றோ 'மருமகன்' என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. "சாப்பாடு இருக்கிறது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். மூன்றாம் நாள் மாலை, ஆற்றங்கரையில் வைத்து நாம் நேராகவே கேட்டோம்.

"தம்பி, எங்கள் மகளிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?"

"அவ இங்கே வரவேண்டாம் மாமா. பிள்ளை அங்கேயே படிக்கட்டும்."

"எத்தனை வருஷத்துக்கு?"

"அது எனக்குத் தெரியாது. அவவுக்குச் சலித்துவிட்டால் சொல்லட்டும், நான் குறை நினைக்க மாட்டேன். ஆனால் ஒன்று மாமா, விட்டுவிடச் சொல்லி நீங்கள் அவவிடம் சொல்ல வேண்டாம். அவ நினைத்தால் அவவே சொல்லட்டும்."

பெண்ணைப் பெற்றவனிடம் இதைவிட நியாயமான வேண்டுகோளை யாரும் வைத்திருக்க முடியாது என்பது எமது எண்ணம். வளர்ந்த பிள்ளைக்குப் பெற்றோர் ஒருமுறை புத்தி சொல்லலாம். இருமுறை சொன்னால் அது வற்புறுத்தல். மும்முறை சொன்னால் பிள்ளை தொலைபேசியை எடுக்காது. அவ்வாரமே மகளுடன் பேசினோம். வேலையை விடாதே, குழந்தையின் காரியத்தைக் குழப்பாதே, அவரோடு பேசுவதை நிறுத்தாதே, இவற்றுக்கு இடங்கொடுக்கும் முடிவு எதுவானாலும் எமக்குச் சம்மதம் என்றோம். அதற்குப்பின் அவ்விஷயத்தில் நாமாக வாய் திறக்கவில்லை. மனைவியாரும் திறக்கவில்லை, ஆனால் அவருடைய மௌனத்துக்கு வேறு பொருள் இருந்தது. அதனைப் பின்னர் சொல்வோம்.

அதன்பின் பெருந்தொற்று வந்து உலகத்தையே பூட்டிவிட்டது. இரண்டாண்டு எல்லாருமே பிரிந்திருந்ததனால் எமது பிரிவு தனித்துத் தெரியவில்லை. அக்காலத்திலே எமக்கு அடிக்கடி மலைநாட்டு நினைவுகள் வந்தன. 1980ஆம் ஆண்டளவில், ஆசிரிய வாழ்வின் தொடக்கத்தில், ஹற்றன் பக்கத்துப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தோம். 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினர் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிற் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பகுத்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. காணி பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தபோது, வேலி வீடுகளின் நடுவாகவும் போயிற்று. தகப்பன் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருப்பார், மணமான மகன் இலங்கைக்கு விண்ணப்பித்திருப்பான். மலையிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்படும் புகைவண்டிக்கு அங்குள்ளவர்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எமது வகுப்பு மாணவன் ஒருவனின் தமக்கையும் அவ்விதமே அகப்பட்டாள். அவளுக்கு நிச்சயித்த பையனின் குடும்பம் இந்தியப் பட்டியலில்; அவள் குடும்பம் இலங்கைப் பட்டியலில். தகப்பனார் ஒரு மாலை எமது விடுதிக்கு வந்து, "வாத்தியார் ஐயா, பிள்ளையை அனுப்பினா திரும்பப் பார்க்க முடியாது; அனுப்பாட்டி அவ முகத்தை என்னாலே பார்க்க முடியாது. எதைச் செய்ய?" என்று கேட்டார். இருபத்து மூன்று வயதில் எமக்கு என்ன தெரியும்? அவரே முடிவு செய்தார், அனுப்பினார். ஹற்றன் நிலையத்தில் அவர் அழவில்லை. கோச்சி போனபின் மேடையிற் கிடந்த ஒரு பிள்ளைச் செருப்பை எடுத்து, யாருடையது என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார். நீலகிரியிலிருந்து, அரசாங்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை கிடைத்தது என்று மகளின் கடிதம் வந்ததாகப் பின்பு மாணவன் சொன்னான். 1984இல் போரினால் தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது. அந்தத் தகப்பனாரின் கேள்வி எமக்கென்று வைத்திருந்ததுபோல நாற்பது ஆண்டு கழித்து எம் வாசலுக்கு வந்தது.

2023 பெப்ரவரியில் அவுஸ்திரேலிய அரசாங்கம் தன் கொள்கையை மாற்றியது. தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஏறக்குறைய 19,000 பேர் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தோருக்கு இவ்வறிவிப்பு நேரே பயன் தரவில்லை. ஆனால் நிரந்தர விசா பெற்ற ஒருவர் தன் துணையை வரவழைக்க விண்ணப்பிக்கலாம் அல்லவா? மகளுக்கு மறு ஆண்டு அது கிடைத்தது. கிடைத்த கையோடு, மார்கழி விடுமுறையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திருச்சிராப்பள்ளிக்கு வந்தாள். மருமகனும் கொழும்பிலிருந்து விமானமேறிப் போனார். இலங்கைக்கு வர அஞ்சும் பிள்ளைகளும் இங்கிருந்து போகும் உறவினரும் சந்திக்கும் இடமாகத் திருச்சியும் சென்னையும் பல்லாண்டாக இருந்து வருகின்றன. மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு இந்த இரகசியங்கள் நன்றாகத் தெரியும். குழந்தை தகப்பனைத் திரையிலேயே கண்டு பழகியிருந்ததால், முதல் நாள் அவர் முகத்தைவிட அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். திரையில் கால்கள் வருவதில்லை.

திரும்பிப் போனதும் மகள் விண்ணப்பத்தைத் தொடங்கினாள். அதன் விவரங்களைச் சற்றே சொல்வது இதே நிலையில் உள்ளோருக்கு உதவக்கூடும். அந்நாட்டிலிருந்து அகற்றப்பட்டவருக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வரை விசா மறுக்கப்படலாம். தக்க காரணம் காட்டினால் விலக்கும் உண்டு. எமது மருமகனுக்கு அக்காலம் கழிந்துவிட்டது. அகற்றுவதற்கு ஆன செலவு அகற்றப்பட்டவரின் கடனாகவே எழுதப்படும்; அதனைத் தீர்க்கவோ, தீர்க்க ஒழுங்கு செய்யவோ வேண்டும். தன்னை வீட்டிலிருந்து கொண்டுபோன விமானத்துக்குத் தானே கட்டணம் செலுத்துவது உலகத்தில் நூதனமான யாத்திரைதான். அடுத்தது, உறவு மெய்யானது என்பதற்குச் சான்று. பணத் தொடர்பு, இல்வாழ்க்கை, சமூகம் அறிந்தமை, ஒருவர்க்கொருவர் கொண்ட உறுதி என நான்கு வகையில் அதனைக் காட்டவேண்டும். மருமகன் மாதந்தோறும் கடலிற் கிடைத்ததில் மிச்சம் பிடித்துக் குழந்தையின் பெயருக்கு அனுப்பிய சிறுதொகைகளின் பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் மகள் பத்திரமாக வைத்திருந்தாள். கொழும்புக் காசு அங்கே போனால் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. ஏன் அனுப்புகிறீர்கள் என்று நாம் ஒருமுறை கேட்டபோது, "தகப்பன் அனுப்பியது என்று இருக்கட்டும் மாமா" என்றார். இப்போது அவையே சான்றாயின.

சமூகம் அறிந்தமை என்ற வகைக்குப் பெற்றோரின் எழுத்துமூலமான கூற்றும் சேர்க்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னாராம். நாம் நான்கு பக்கம் எழுதினோம். நல்ல நடையிலேயே எழுதினோம். மகள் வாசித்துவிட்டு, "உங்களுடையது போதும் அப்பா, அம்மாவுடையதும் வேண்டும்" என்றாள். அங்கேதான் காரியம் முட்டிக்கொண்டு நின்றது. ஐந்து முறை வந்து போன ஒருவரை மருமகன் என்று ஒருமுறையும் அழைக்காத மாமியார், அவர் தம் மருமகன் என்று ஓர் அந்நிய அரசாங்கத்துக்கு எப்படி எழுதுவார்? எழுதாவிட்டால், தாயே ஏற்காத மணம் என்று கோப்பில் ஒரு வெற்றிடம் விழும். வற்புறுத்தவும் இயலாது, பொய் எழுதச் சொல்லவும் இயலாது. பத்து நாள் கடதாசி மேசையிற் கிடந்தது. மனைவியார் அதன்மேல் உப்புப் போத்தலை வைத்தார், எடுத்தார், துடைத்தார்.

பதினொராம் நாட்காலை, கோயிலுக்குப் போய் வந்து, எம்மை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எழுதினார். அரைப்பக்கம். அவர் அனுமதியோடு அதன் சாரத்தைத் தருகிறோம். தம் மகள் வேற்றுமதத்தவரை மணந்தது தமக்கு விருப்பமில்லை என்று தொடங்கியிருந்தார். அவர் ஐந்து தடவை வீட்டுக்கு வந்ததையும், வந்தபோதெல்லாம் கிணற்றையும் கூரையையும் பார்த்ததையும் சொல்லியிருந்தார். மகள் அவரை விட்டுவிடுவாள் என்று தாம் ஐந்து வருடம் காத்திருந்ததாகவும், அவள் விடவில்லை என்றும், அவரும் விடவில்லை என்றும், ஆகையால் அவர் தம்முடைய மருமகன் என்றும் முடித்திருந்தார்.

திருகோணமலையில் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெரியவர், காத்திருந்த வரியை நீக்கிவிடலாமே, விண்ணப்பத்துக்குப் பாதகமாகலாம் என்று தயங்கினார். நாமும் மனைவியாரைப் பார்த்தோம். "அது உண்மை; இருக்கட்டும்" என்றார். இருந்தது.

விண்ணப்பம் சித்திரையில் அனுப்பப்பட்டது. பதில் இன்னும் வரவில்லை. ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்கிறார்கள். எப்படி முடியுமென்று சொல்ல எவராலும் முடியவில்லை. மகள் ஞாயிறுதோறும் பேசுகிறாள். ஆவணித் திருவிழாவுக்கு மருமகன் வருகிறாராம். தேர் பார்க்க அல்ல, கூரையின் மேற்குப் பக்கம் மழைக்குமுன் மாற்றவேண்டி இருக்கிறது. விரத நாட்களாகையால் கருவாடு கொண்டுவர வேண்டாம் என்று மனைவியார் சொல்லச் சொன்னார். நீங்களே சொல்லுங்களேன் என்று தொலைபேசியை அவரிடம் கொடுத்தோம்.